சொத்தைப் பல்லை எடுப்பதா, காப்பாற்றுவதா, எங்கே போவது? நெல்லைப் பக்கத்துக்கு ஓர் ஒப்பீடு

அரசு ஆஸ்பத்திரியில் பல் வைத்தியத்துக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் போன அன்றே கையோடு முடிந்துவிடுவது பெரும்பாலும் பல் பிடுங்குவது ஒன்றுதான். பல்லைக் காப்பாற்றும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) தனியார் கிளினிக்கில் நாளைக்கே கிடைக்கும். பீடி சுற்றும் வீட்டிலும் வயல் கூலிக்குப் போகும் வீட்டிலும் அந்தத் தொகையை ஒரே தடவையில் எடுத்து வைக்க முடியாது. நடுவில் காவல்கிணற்றில் ராஜாஸ் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கட்டணம் குறைவு, ஆகும் நாள் அதிகம். மூன்றில் எது என்று முடிவெடுக்க முடியாமல், மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே ஆறு மாதம் ஓட்டுகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இருப்பதிலேயே செலவு கூடிய வழி அதுதான். சில நூறு ரூபாயில் அடைத்திருக்கக்கூடிய பல், அதற்குள் வேர் வரை அழுகிப் போயிருக்கும்.

கையில் இருக்கும் பணத்தைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் முடிவு எடுக்கிறோம். அதற்கு முன்னால் பல்லைப் பார்க்க வேண்டும். எந்தப் பல், எந்த நிலையில், எத்தனை வயதுக்காரருக்கு என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பேருக்கு இலவச வழியே சரியான வழியாக இருக்கும். மீதிப் பாதிக்கு அந்த இலவசம் பின்னால் பெரிய செலவைக் கொண்டுவரும்.

வலியை வைத்து நிலையை அறிவது

குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று இழுத்து, சில நொடிகளில் அடங்கிவிட்டால் நரம்பு இன்னும் பிழைத்திருக்கிறது. சொத்தையைச் சுரண்டி அடைத்தால் போதும்.

சூடான காப்பி பட்டால் வலி கூடுகிறது, இரவில் படுத்ததும் தானாகவே விண்விண்ணென்று தெறிக்கிறது, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஓடுகிறது என்றால் நரம்பு இனித் தேறாது. அதற்கு மேல் இரண்டே வழி: வேர் சிகிச்சை, இல்லையென்றால் பிடுங்குதல். இந்த நிலையில் மேலாக அடைத்துவிடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தால், அன்று இரவே வலி இரட்டிப்பாகலாம். உள்ளே வீங்கும் நரம்புக்கு விரிய இடம் இருக்காது.

ஒரு வாரம் தூங்கவிடாத வலி திடீரென்று நின்றுபோவதும் உண்டு. எல்லாரும் ஏமாறும் இடம் இது. பல் குணமாகவில்லை, நரம்பு செத்துவிட்டது. கிருமி வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து ஈறில் சீழ்க் கொப்புளமாகவோ, கடிக்கும்போது வலியாகவோ, கன்ன வீக்கமாகவோ வெளியே தெரியும்.

இந்தக் கட்டத்தில் ஆன்டிபயாடிக் மாத்திரை வீக்கத்தை வடிய வைக்கும், நோயைத் தீர்க்காது. செத்த நரம்புக்குள் ரத்த ஓட்டம் இல்லை; ரத்தம் போகாத இடத்துக்கு மாத்திரையும் போகாது. அதனால்தான் ஒரு கோர்ஸ் முடித்த சில வாரத்தில் அதே இடத்தில் மறுபடி வீங்குகிறது. டைக்லோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாக வாங்கி வாரக்கணக்கில் போடுவது சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்து. கிராம்பு எண்ணெயைச் சிறு பஞ்சில் தொட்டுக் குழிக்குள் வைப்பது ஓரிரவைக் கடத்த உதவும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறோடு ஒதுக்கி வைப்பதும், புகையிலையை அடக்கி வைப்பதும் ஈறைப் புண்ணாக்கும்.

இரண்டு நிலைகளில் ஒப்பீடே வேண்டாம். தாடைக்குக் கீழே கல் மாதிரி வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல், வாய் திறக்க முடியாமல், காய்ச்சலும் இருந்தால் உடனே 108-ஐ அழைத்துப் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சுப் பாதையை அடைக்கக்கூடிய வீக்கம் அது. அடுத்தது, வெற்றிலை புகையிலை போடுகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெள்ளைத் திட்டு, அல்லது மூன்று விரலை நெட்டாக நுழைக்க முடியாத அளவுக்கு வாய் திறப்பு குறைவது. இவர்கள் நேராக மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில்தான் காட்ட வேண்டும்.

காப்பாற்றத் தகுந்த பல்லா?

எங்கே போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒற்றைப் பல் எக்ஸ்ரே. அதில் மூன்று விஷயம் பார்க்கப்படும்.

சொத்தையை எல்லாம் எடுத்த பிறகு ஈறுக்கு மேலே சுற்றிலும் சுமார் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் சுவராக நிற்குமா என்பது ஒன்று. நிற்காவிட்டால் பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் பிடிக்க இடமில்லை. எவ்வளவு செலவழித்து வேர் சிகிச்சை செய்தாலும் ஒரு நாள் கேப்போடு சேர்ந்து ஒடிந்து வரும். வேரைச் சுற்றிய எலும்பு எவ்வளவு மிச்சம் என்பது இரண்டாவது. மேலும் கீழும் அமுங்கி ஆடும் பல்லைக் காப்பாற்றப் பணம் போடுவது வீண். மூன்றாவது, வேரில் விரிசல். நெட்டுக்கு விரிந்த வேரை எந்தச் சிகிச்சையும் ஒட்ட வைக்காது.

எந்தப் பல் என்பதும் கணக்கில் வரும். கடைசியில் முளைக்கும் ஞானப்பல் சொத்தையானால் பெரும்பாலும் எடுத்துவிடலாம், அந்த இடத்தில் மாற்றுப் பல் தேவையே இல்லை. அதற்கு முந்தின பல் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவருக்குப் போனால், மற்ற பற்கள் நன்றாக இருக்கும் பட்சத்தில் இடைவெளியோடேயே வாழ்ந்துவிடலாம். 20 நல்ல பற்கள் எதிரெதிரே கடிக்கும்படி இருந்தால் சாப்பாட்டுக்குப் பெரிய குறை வராது. ஆனால் ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல் அப்படியில்லை. மெல்லும் பாரத்தில் பெரும் பங்கைச் சுமப்பது அது. இருபது வயதில் அதைப் பிடுங்கினால் பக்கத்துப் பல் குழியை நோக்கிச் சாயும், எதிர்த்தாடைப் பல் கீழிறங்கும், இடுக்கில் உணவு தங்கும், சில வருடத்தில் அடுத்தடுத்த பற்களும் சொத்தையாகும். இளவயதினரின் இந்தப் பல்லுக்காகத்தான் அலைச்சலும் பணமும் செலவிட வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரி

ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா ஆஸ்பத்திரி, மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரி, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்று படிப்படியாக ஏறும் அமைப்பு இது. மாவட்ட ஆஸ்பத்திரிகளிலும் அதற்குக் கீழேயும் பல் பிரிவுக்கு நாற்காலி, கருவி, ஆள் தருவதற்கென்று தேசிய வாய் நலத் திட்டம் 2014-15 முதல் இருக்கிறது. இருந்தும் ஏன் பிடுங்குவது மட்டும் எளிதாகக் கிடைக்கிறது? பலர் நினைப்பது போல் டாக்டருக்குத் தெரியாததால் அல்ல.

காலை ஓ.பி. நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம்: 240 நிமிடம். ஒரு டாக்டர், ஒரு நாற்காலி, 40 நோயாளி. ஆளுக்கு 6 நிமிடம். மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்து, ஊசி வேலை செய்யும் நேரத்தில் அடுத்தவரைப் பார்த்தால் பிடுங்கும் வேலை இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு ஒரு சிட்டிங்கே 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். ஒருவருக்கு அதைச் செய்தால் ஏழு முதல் பத்துப் பேர் வரை திரும்பிப் போக வேண்டும்.

அடுத்த முடிச்சு கருவி. பிடுங்கும் குறடுகள் பல செட் இருக்கும், கிருமி நீக்கும் நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் வேகவைத்து மாற்றி மாற்றி எடுக்கலாம். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் அப்படி நிறைய இருக்காது. ஒவ்வொரு நோயாளிக்கும் பிறகு அதைக் கழுவி, எண்ணெய் விட்டு, 121 டிகிரியில் 15 நிமிடமோ 134 டிகிரியில் 3 நிமிடமோ வேகவைக்க வேண்டும். சூடேறி ஆறும் நேரம் தனி. இரண்டே ஹேண்ட்பீஸ் இருந்தால் ஒரு காலையில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பல் அடைக்க முடியும். எண்ணெய் விடாமல் வேகவைத்தால் உள்ளே இருக்கும் பேரிங் தேய்ந்து நின்றுபோகும். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை நாள்தோறும் வடிக்காவிட்டால் காற்றுக் குழாயில் ஈரம் ஏறி அதுவும் பழுதாகும். கரண்ட் ஏற்ற இறக்கம் நாற்காலியின் போர்டை எரிக்கும். பழுது பார்க்க ஆள் வர மாதமாகும். அதுவரை நாற்காலி இருக்கும், டாக்டர் இருப்பார், பல் அடைக்க முடியாது. கேப் செய்து தர லேப் வேண்டும். தாலுகா அளவில் அதை எதிர்பார்க்க முடியாது.

இதைத் தெரிந்துகொண்டு போனால் அரசு ஆஸ்பத்திரி மிக நன்றாகப் பயன்படும். ஆடும் பல், ஒடிந்த வேர்த்துண்டு, சுலபமான ஞானப்பல், சிறு சொத்தை அடைப்பு, பல் சுத்தம் செய்வது ஆகியவற்றுக்குத் தனியாரில் பணம் கொடுக்கத் தேவையில்லை. எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் ஞானப்பல், தாடை முறிவு, கட்டி இவற்றுக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. அடைப்பில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெள்ளைச் சிமென்ட் என்று சொல்லப்படும் கிளாஸ் அயனோமர் பல்லோடு ஒட்டும், ஃபுளோரைடு கசியும், பல்லின் கழுத்துப் பகுதிக்கும் பால் பல்லுக்கும் நல்லது. கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் பெரிய குழிக்கு வைத்தால் சீக்கிரம் தேயும். அந்த இடத்துக்குப் பல் நிறத்தில் இருக்கும் காம்போசிட் அடைப்பு இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லையென்றால் இதையாவது வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும். திறந்து போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அம்பாசமுத்திரமோ சேரன்மகாதேவியோ வள்ளியூரோ, பஸ் ஏறும் முன் மூன்று கேள்விக்குப் பதில் வாங்கிவிடுவது நல்லது. பல் டாக்டர் எந்தெந்தக் கிழமை வருகிறார்? வேறு ஆஸ்பத்திரிக்கும் சேர்த்துப் பார்க்கிறாரா? நாற்காலியும் எக்ஸ்ரேயும் ஓடுகிறதா? 104 உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். திங்கட்கிழமை எல்லா ஓ.பி.யிலும் கூட்டம் கூடும். பிசான நெல் நடவு, அறுப்பு நாட்களில் கூலி போய்விடும் என்று தள்ளிப்போட்டு, வீங்கிய பிறகு வருகிறவர்களுக்கு அன்றே பல் எடுக்க முடியாமலும் போகலாம். சீழ் பிடித்த இடத்தில் திசு அமிலமாக மாறியிருக்கும். அங்கே மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்காது. சீழை வடித்து, மாத்திரை கொடுத்து, சில நாள் கழித்து வரச் சொல்வார்கள். அது அலைக்கழிப்பு அல்ல.

பல் எடுக்கப் போகும் நாளில் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் போடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிரஷர் 180/110-ஐத் தாண்டினால் அன்று எடுக்க மாட்டார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து. ரத்தம் கொஞ்சம் கூட வருவதைப் பஞ்சும் தையலும் அடக்கும், அடைத்த இதயக் குழாயை அவை திறக்காது. இதய வால்வு மாற்றியவர், எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போடுகிறவர், கர்ப்பிணி ஆகியோர் மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

எடுத்த பின் பஞ்சை 30 முதல் 45 நிமிடம் இறுகக் கடித்திருக்க வேண்டும், எச்சிலை விழுங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குத் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, பீடி சிகரெட் கூடாது. குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் எலும்புக்கு மூடி. துப்பினால் அது கழன்று வரும். அப்படிக் கழன்றால் இரண்டு மூன்று நாள் கழித்து முன்பைவிட மோசமான வலியும் நாற்றமும் வரும். அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை, குழியைக் கழுவி மருந்து வைத்தால் அடங்கும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரால் மெதுவாகக் கொப்பளிக்கலாம்.

காவல்கிணறு கல்லூரி

பல் மருத்துவக் கல்லூரியில் கடைசி ஆண்டு மாணவர், படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன், எம்.டி.எஸ். என்னும் மேற்படிப்பு படிக்கும் டாக்டர் என்று மூன்று நிலையினர் நோயாளிகளைப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்தையும் ஆசிரியர் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அடுத்த கட்டம். மாணவர் செய்வார் என்று பயப்படத் தேவையில்லை. அவசரமில்லாமல், மேற்பார்வையோடு நடக்கும் வேலை அது. சிக்கல், நேரம். தனியாரில் ஒரு மணி நேரத்தில் முடியும் கட்டம் இங்கே அரை நாள். தனியாரில் இரண்டு மூன்று சிட்டிங் என்றால் இங்கே கேப்பையும் சேர்த்து ஐந்து ஆறு ஆகலாம். மாணவருக்குத் தேர்வோ விடுமுறையோ வந்தால் நடுவில் நின்றுபோகும்.

அதனால் முதல் நாளே சொல்லிக் கேட்க வேண்டியவை: கடைவாய்ப் பல் என்றால் எம்.டி.எஸ். மாணவரிடம் கொடுங்கள் என்பது ஒன்று. மேல் தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் மூன்று வேர் இருந்தாலும், வேருக்குள் நரம்பு ஓடும் கால்வாய் நான்காவதாக ஒன்று பலருக்கு ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டால் வேர் சிகிச்சை தோற்கும். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே கால்வாய், இளநிலை மாணவர் போதும். தேர்வு எப்போது, இந்த மாதத்துக்குள் முடியுமா என்பது அடுத்தது. மூன்றாவது, கேப்புக்குத் தனிப் பிரிவு, தனிக் கட்டணம் என்பதால் அந்தத் தொகையையும் அன்றே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இனி கூலிக் கணக்கு. இது இல்லாமல் எந்த ஒப்பீடும் நமக்கு உதவாது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் நாள் கூலி 500 ரூபாய் என்றும், காவல்கிணறு போய்வரப் பஸ், சாப்பாடு 250 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான்; இந்தத் தூரத்துக்கு ஓடும் வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். ஐந்து தடவை போனால் 3,750 ரூபாய். கல்லூரிக் கட்டணம் கேப்போடு 2,000 என்று கொண்டால் மொத்தம் 5,750. அம்பாசமுத்திரத்திலேயே தனியாரில் வேர் சிகிச்சை 4,000, உலோகக் கேப் 2,000, மூன்று அரை நாள் கூலி 750 என்றால் 6,750. வித்தியாசம் ஆயிரம் ரூபாய்தான். நடுவில் ஒரு தடவை மாணவர் வராமல் திரும்ப நேர்ந்தால் அதிலும் பெரும்பகுதி கரைந்துவிடும். அதே கல்லூரி வள்ளியூர், பணகுடி, ராதாபுரம், நாங்குநேரிக்காரர்களுக்கு உண்மையிலேயே மலிவு. கல்லூரிப் படிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும், தினக் கூலி இழப்பு இல்லாதவர்களுக்கும், ஒரே நாளில் இரண்டு மூன்று பல்லுக்கு வேலை இருப்பவர்களுக்கும் அது லாபம். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து தினக் கூலிக்காரர் ஒரே ஒரு பல்லுக்காக அங்கே போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

தனியார் கிளினிக்

ஊருக்கும் டாக்டருக்கும் தகுந்தபடி கட்டணம் மாறும். ஒப்பிட ஓர் அளவாக மட்டும்: கடைவாய்ப் பல் வேர் சிகிச்சை 3,000 முதல் 7,000, உலோகக் கேப் 1,500 முதல் 3,000, உலோகத்தின் மேல் பீங்கான் 3,000 முதல் 6,000, உலோகமில்லாத வெள்ளைக் கேப்பான சிர்கோனியா 6,000 முதல் 15,000, எலும்பில் திருகிப் பொருத்தும் இம்பிளான்ட் 20,000-க்கு மேல்.

ஏமாற்றம் பெரும்பாலும் வேர் சிகிச்சையோடு நிறுத்திக்கொள்வதில் நடக்கிறது. வலி போய்விட்டது, கேப்புக்குப் பணம் இல்லை, பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உட்பகுதி குடையப்பட்ட கடைவாய்ப் பல்லின் சுவர்கள் மெலிந்திருக்கும். முறுக்கோ எலும்போ கடிக்கும் ஒரு நாளில் அது வேர் வரை பிளக்கும். கொடுத்த பணமெல்லாம் போய், பிடுங்கத்தான் வேண்டும். தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் விட்டாலும் எச்சில் கசிந்து உள்ளே மறுபடி கிருமி ஏறும். கேப்புக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் மட்டும் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சையைத் தொடங்க வேண்டும். பணம் போதாதென்றால் உலோகக் கேப் கேளுங்கள். பின்வரிசையில் யார் கண்ணுக்கும் தெரியாது, பல்லைக் குறைவாகச் சீவினால் போதும், பீங்கான் மாதிரி உதிராது. நிக்கல் ஒவ்வாமை இருப்பவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும். கடைவாய்க்குச் சிர்கோனியாதான் நல்லது என்று சொல்லி மூன்று மடங்கு வாங்குவதற்கு மருத்துவக் காரணம் பெரும்பாலும் கிடையாது.

தொடங்கும் முன் எக்ஸ்ரே, வேர் சிகிச்சை, கேப்புக்கு அடியில் பல்லை நிரப்பும் மேல் கட்டுமானம், கேப் நான்குக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று சீட்டில் எழுதச் சொல்ல வேண்டும். முடிந்ததும் கடைசி எக்ஸ்ரேயை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வேருக்குள் வெள்ளைக் கோடாகத் தெரியும் அடைப்பு, வேர் நுனிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வந்து நிற்பதுதான் சரி. பாதி வேரில் நின்றால் வேலை முடியவில்லை. நுனியைத் தாண்டி வெளியே நீண்டாலும் கேட்க வேண்டும். டாக்டரின் தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண் சீட்டில் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் யோசிக்காத ஒரு கலப்பு வழி உண்டு. ஐகிரவுண்டிலோ வேறு அரசு ஆஸ்பத்திரியிலோ வேர் சிகிச்சைக்கு முறை கிடைத்தால் காத்திருந்து அதைச் செய்துகொண்டு, கேப்பை மட்டும் தனியாரில் போட்டுக்கொள்வது. மொத்தச் செலவு மூன்றில் ஒன்றாகக் குறையும். அடுத்தவர் செய்த வேர் சிகிச்சையின் மேல் கேப் போடத் தனியார் டாக்டர்கள் தயங்குவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கடைசி எக்ஸ்ரே கையில் இருந்தால் அந்தத் தயக்கம் பெரும்பாலும் தீரும்.

காப்பீடு எதற்கு உதவும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். தாடை முறிவு, வாய்ப் புற்றுநோய் போல ஆஸ்பத்திரியில் தங்கிச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்கு அந்த அட்டையைக் காட்டலாம். பல் அடைப்பு, வேர் சிகிச்சை, கேப், பல் செட் எதற்கும் அது உதவாது. லட்சக்கணக்கில் செலவாகும் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் தரும் இந்தத் திட்டம், ஆறாயிரம் ரூபாயில் காப்பாற்றக்கூடிய பல்லுக்கு ஒரு ரூபாயும் தருவதில்லை. வருத்தமாகவும் கோபமாகவும் இருக்கிறது. மாத ஊதியம் 21,000-க்குள் உள்ள தொழிலாளர்கள் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் குடும்பத்தோடு பார்த்துக்கொள்ளலாம், சம்பளத்தில் 0.75 சதவீதம் ஏற்கெனவே பிடிக்கப்படுகிறது, பயன்படுத்தாமல் விடக் கூடாது. முன்னாள் படைவீரர்கள் தங்கள் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் பல் பிரிவைக் கேட்க வேண்டும்.

பெரியவர்களுக்குப் பல் செட்

எல்லாப் பல்லும் போனவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு கல்லூரிதான், தூரமானாலும். முழு பல் செட்டுக்கு ஐந்து கட்டம்: முதல் அச்சு, இரண்டாவது அச்சு, தாடை உயரம் அளப்பது, மெழுகில் பல் வைத்துப் பொருத்திப் பார்ப்பது, செட்டைத் தருவது. பிறகு உரசும் இடத்தைத் தேய்த்துக் கொடுக்க இரண்டு மூன்று தடவை. தனியாரில் இதில் ஒரு கட்டத்தைச் சுருக்கினால் பெரும்பாலும் கீழ்ச் செட் ஆடும். மெழுகில் பார்க்கும் நாளில் வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போய், பேச்சும் முகத்தோற்றமும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பின் பல் வரிசையை மாற்ற முடியாது. கடைசிப் பல்லைப் பிடுங்கி ஆறு முதல் எட்டு வாரமாவது ஆன பிறகு அச்சு எடுப்பது நல்லது. ஈறும் எலும்பும் சுருங்கி முடியுமுன் எடுத்தால் சில மாதத்தில் செட் தொளதொளக்கும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும்.

சந்தையிலும் தெருவோரத்திலும் ஒரே மணி நேரத்தில் "நிரந்தரப் பல்" கட்டித் தருகிறவர்களிடம் போகவே கூடாது. பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் பசையைக் குழைத்து ஒட்டிவிடுவார்கள். அடியில் உணவு அழுகி, ஈறு வீங்கி, ஒரு பல்லுக்காகப் போனவருக்கு மூன்று பல் போகும். பதிவு பெறாதவர் பல் வைத்தியம் செய்வது சட்டப்படி குற்றம்.

பிள்ளைகளுக்கு

இங்கே அரசு வழி நன்றாகவே உதவும், நாம்தான் பயன்படுத்துவதில்லை. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே. (தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு 18 வயது வரை பார்க்கும் குறைகளில் பல் நோயும் ஒன்று. அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் வழி சுலபம். ஆறு ஏழு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே பால் பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். விழுந்து முளைக்கும் பால் பல் என்று நினைத்துப் பெற்றோர் அதன் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அதுதான் மேலே சொன்ன முதல் கடைவாய்ப் பல், வாழ்நாளுக்கும் ஒன்றே ஒன்று. முளைத்ததும் அதன் பள்ளங்களை மூடும் சீலன்ட் பூச்சு வைக்க முடியுமா என்று பல் பிரிவில் கேட்க வேண்டும். குடைய வேண்டாம், ஊசி வேண்டாம், சில நிமிட வேலை.

நாற்காலி ஓடாவிட்டால்

தாலுகா ஆஸ்பத்திரியில் பல் நாற்காலி பழுது, மருந்து இல்லை, டாக்டர் பணியிடம் காலி என்றால் அங்கே நிற்கும் செவிலியரோடு சண்டை போட்டுப் பயனில்லை. தேதி, ஆஸ்பத்திரி, எந்த வசதி எத்தனை நாளாக இல்லை என்று மூன்று வரியில் எழுதி, திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும், முதலமைச்சர் உதவி எண் 1100-லும் பதியலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் குறிப்பாகக் கேட்க வேண்டும்: பல் நாற்காலி கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது, கடந்த ஆண்டு எத்தனை பல் பிடுங்கப்பட்டது, எத்தனை அடைக்கப்பட்டது, எத்தனை வேர் சிகிச்சை முடிந்தது. பிடுங்கியதற்கும் அடைத்ததற்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பதிலிலேயே எண்ணாகத் தெரியும். சிறு பழுதுகளுக்கு ஆஸ்பத்திரியின் நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து செலவழிக்க முடியும். கம்ப்ரசர், ஹேண்ட்பீஸ் அந்த அளவிலான செலவுதான். கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றி நகலை மருத்துவ அலுவலருக்கு அனுப்பும்போது, "பல் பிரிவுக்குக் கூடுதலாக நான்கு ஹேண்ட்பீஸ், வாரம் ஒரு நாள் பிற்பகல் வேர் சிகிச்சைக்கு மட்டும்" என்று கேட்பதைத் தெளிவாக எழுத வேண்டும். "வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதினால் அதைக் கோப்பில் வைத்துவிடுவார்கள்.